அயோக்கியனுக்கு எதற்கு ஒரு நாவல்?

நாவல் படிப்பவர்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி ஒரு தீர்ப்பு காதில் விழுகிறது. "எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்த ஆளோட ஒட்டவே முடியல." அந்த ஆள் என்பது கதையின் நாயகன். அவன் மாமா வேலை பார்ப்பவனாகவோ, ஏமாற்றுக்காரனாகவோ, பெண்டாட்டியை அடிப்பவனாகவோ, அல்லது வெறும் அற்பனாகவோ இருப்பான். ஒட்ட முடியவில்லை என்பதோடு விமர்சனம் முடிந்துவிடும். கொஞ்சம் கோபக்காரராக இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி சேர்ப்பார்: இப்படிப்பட்டவனுக்கு எதற்கு முந்நூறு பக்கம்? இவனைப் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அதற்கும் மேலே போனால் எழுத்தாளர் மீதே சந்தேகம் வந்துவிடும். இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார் என்றால் மனுஷன் எப்படிப்பட்டவரோ!

ரசனை வேறுபாடு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இது ரசனையாக வருவதில்லை, அறத்தின் வேடத்தில் வருகிறது. நல்லவர்களைப் பற்றிப் படித்தால் நல்லவர்களாவோம், கெட்டவனோடு பழகினால் கெட்டுப்போவோம், புத்தகமும் ஒரு சகவாசம்தானே என்கிற கணக்கு இதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு தலைகீழானது என்பது என் கட்சி. வாசகனின் நியாய உணர்வைக் கெடுத்த கதைகளுக்குப் பட்டியல் போட்டால், அதில் பெரும்பங்கு நல்ல நாயகர்களின் கதைகளாகத்தான் இருக்கும்.

கணக்கு பழையது. காப்பிய இலக்கணம் சொன்ன தண்டியலங்காரம், பெருங்காப்பியத்தின் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருக்க வேண்டும் என்றது. அந்த விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இளங்கோவடிகள் கோவலனை எழுதி முடித்துவிட்டார். கோவலன் யார்? கட்டியவளை விட்டு மாதவி வீட்டில் கிடந்தவன். முன்னோர் சேர்த்ததைத் தொலைத்தவன். கடற்கரையில் அவள் பாடிய பாட்டைக் கேட்டுச் சந்தேகம் முற்றி, பெற்ற குழந்தை மணிமேகலையையும் சேர்த்து உதறிவிட்டு எழுந்து போனவன். வீட்டுக்கு வந்து சேரும்போது மிச்சமிருந்தது கண்ணகியின் சிலம்பு மட்டும். மாப்பிள்ளை பார்க்கும் எந்தத் தகப்பனும் இவனை வாசலோடு அனுப்பியிருப்பான். (அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் வந்து இவன் செய்த நல்ல காரியங்களையும் எடுத்துச் சொல்கிறான். சரி, அதுவும் சேர்ந்தவன்தான் கோவலன்.) இருந்தும் மதுரையில் அவன் உடலில் வாள் இறங்கும்போது நமக்குப் பதறுகிறது. அவனை நமக்குப் பிடித்துவிட்டது என்பதற்காகவா? அவன் செய்யாத குற்றத்துக்கு வெட்டப்படுகிறான் என்பதற்காக. ஒருவனைப் பிடிப்பதும் ஒருவனுக்கு நியாயம் கிடைப்பதும் வெவ்வேறு சமாச்சாரம் என்பதை நம்முடைய முதல் காப்பியமே பிரித்துக் காட்டிவிட்டது.

சேக்கிழார் பெரியபுராணம் பாடியதற்குச் சொல்லப்படும் கதையும் இந்த அச்சத்தில்தான் தொடங்குகிறது. சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான். அது அவனைக் கெடுத்துவிடும் என்று கவலைப்பட்ட அமைச்சர், மாற்றாகச் சிவனடியார் வரலாறுகளைச் சொன்னார் என்கிறது திருத்தொண்டர் புராண வரலாறு. அந்தக் கவலையால் நமக்கு ஒரு மகத்தான நூல் கிடைத்தது, நன்றி. ஆனால் மாற்றாக வந்த அந்த நூலில் கோட்புலி நாயனார் இருக்கிறார். கோயிலுக்கென்று சேர்த்துவைத்த நெல்லைப் பஞ்ச காலத்தில் சுற்றத்தார் எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். போர் முடிந்து திரும்பியவர் தாய் தந்தை தாரம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வெட்டுகிறார். கடைசியில் ஒரு பச்சைக் குழந்தை. இது நெல்லைத் தின்னவில்லையே என்கிறார்கள். தின்றவளின் பாலைக் குடித்ததே என்று அதையும் வெட்டுகிறார். சைவ அன்பர் இதைப் பக்தியின் எல்லையாக வாசிப்பார், அது அவர் மரபு. ஆனால் நூலின் நாயகன் செய்வதெல்லாம் எனக்கு முன்மாதிரி என்று படிக்கிறவனுக்குச் சிந்தாமணியைவிட இந்த இடம் அல்லவா ஆபத்து? எந்த நூலுக்குள்ளும் வாசகன் தன் புத்தியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

நாயகன் நல்லவனாக இருக்க வேண்டும் என்கிற கட்சியின் வாதத்தைச் சட்டப்படி சுத்தமாக எடுத்துவைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1857 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் ஃப்ளாபெரின் 'மதாம் பொவாரி' மீது ஒழுக்கக்கேடு வழக்கு நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். எம்மா பொவாரி கணவனை ஏமாற்றுகிறாள், கடனில் மூழ்குகிறாள், ஆர்சனிக் தின்று சாகிறாள். பினாரைக் கடுப்பேற்றியது அவள் செய்த காரியங்கள் மட்டுமில்லை. இந்தப் புத்தகத்தில் அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஆள் ஒருவர்கூட இல்லையே என்று கேட்டார். கணவன் அசடு, பாதிரியார் மந்தம், மருந்துக்கடைக்காரர் வெட்டி ஜம்பம். ஆசிரியராவது குறுக்கே வந்து இது தப்பு என்று சொல்கிறாரா? அதுவும் இல்லை.

பினாரை முட்டாள் என்று சிரிப்பது சுலபம். அவர் அந்த நாவலைப் பல விமர்சகர்களைவிட ஒழுங்காகப் படித்திருந்தார் என்பதே உண்மை. நாவலுக்குள் நீதிபதி நாற்காலி காலியாகக் கிடக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தார். அந்த நாற்காலி வாசகனுக்குப் போட்டது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு இதில் அதிக வருத்தம் தருவது எதிர்த்தரப்பு. ஃப்ளாபெருக்காக வாதாடிய செனார், கெட்ட வழியில் போனவளுக்கு எவ்வளவு கொடூரமான சாவு வருகிறது பாருங்கள், இதைப் படிக்கும் பெண்கள் பயந்து திருந்துவார்கள் என்ற பாணியில் பேசினார். பிப்ரவரி 7 அன்று விடுதலை கிடைத்தது. ஃப்ளாபெர் நன்றியோடு புத்தகத்தைச் செனாருக்கே சமர்ப்பணம் செய்தார். நாவல் தப்பித்தது, ஆனால் கெட்டவளைப் பற்றி எழுதினால் கடைசியில் தண்டித்துக் காட்ட வேண்டும் என்ற விதியை இரண்டு வக்கீல்களும் சேர்ந்தே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்றுவரை நம் மதிப்புரைகளில் பாதி செனாரின் வாதம், மீதி பினாரின் வாதம்.

இப்போது தலைகீழ் என்றேனே, அதற்கு வருகிறேன். நம் சினிமாவில் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். பின்னாலேயே ஒருவன் இறங்குகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் தொடர்கிறான். அவள் வீடு எது, கல்லூரி எது, எந்த நேரம் தண்ணீர் பிடிக்க வருவாள் என்று நண்பர்களை விட்டு விசாரிக்கிறான். வேண்டாம் என்கிறாள். மறுநாளும் வருகிறான். இந்த ஆளை வில்லனாகப் போட்டிருந்தால் நடுங்கியிருப்போம். நாயகனாகப் போட்டதால் விசில் அடித்தோம். இதைக் காதல் என்று தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைப் பையன்கள் கற்றுக்கொண்டது எந்த அயோக்கியனின் நாவலிலிருந்தும் இல்லை. அம்மாவுக்கு அடங்கிய, ஏழைக்கு உதவுகிற, தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற நல்லவன்தான் சொல்லிக்கொடுத்தான். அவன் நல்லவன் என்பது முதல் காட்சியிலேயே தீர்மானமாகிவிட்டதால், அதன்பிறகு அவன் செய்ததெல்லாம் நல்லதாகிவிட்டது. கதை யார் பின்னால் போகிறதோ அவன் பக்கமே நியாயம் என்கிற பழக்கம் இதுதான். இந்தப் பழக்கத்தை வளர்ப்பது நல்ல நாயகன். உடைப்பது கெட்டவன்.

சினிமாவிலும் கொலைகார நாயகர்கள் இருக்கிறார்களே, அவர்களை மக்கள் கொண்டாடவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடுகிறோம், ஃப்ளாஷ்பேக் இருந்தால். தாதா ஏன் தாதா ஆனான்? அப்பாவைப் போலீஸ் சுட்டது. தங்கையை யாரோ கெடுத்தார்கள். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் ஒருவனை நாயகனாக்கத் துணிந்த படம். அதற்கும்கூட ஒரு சிறுவயதுக் காயம் தேவைப்பட்டது. ஃப்ளாஷ்பேக் என்பது கெட்டவனுக்கு நாம் தரும் நல்லவன் சான்றிதழ். அதைக் கையில் வாங்கிக்கொண்டால் நிம்மதியாக அவனோடு ஒட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் நம் மக்கள் சான்றிதழ் கேட்காமலும் ஒட்டியிருக்கிறார்கள். 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரத்துக்கு என்ன சாக்கு? பெற்றவளை அவமதிக்கிறான், மனைவியை ஒதுக்குகிறான், காந்தா என்பவளின் வீட்டில் சொத்தை அழிக்கிறான். தொழுநோய் வந்து தெருவுக்கு வந்த பிறகும் அவன் வாய் அடங்குவதில்லை. எம். ஆர். ராதாவின் குரலில் அந்த ஆள் பேசப் பேசச் சிரித்தோம், சிரித்த வாயை மூட முடியாமல் தவித்தோம். அதே வருஷம் 'அந்த நாள்' வந்தது. முதல் காட்சியிலேயே சிவாஜி செத்துக் கிடக்கிறார், பாட்டு ஒன்றுகூட இல்லை, போகப்போகத் தெரிகிறது அவர் தேசத்துரோகி என்று. எழுபது வருஷத்துக்கு முன் இதெல்லாம் முடிந்திருக்கிறது. இன்று நாவல் படிக்கிற, அதாவது இன்னும் கூர்மையான ரசனை உள்ளதாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம், நாயகனுக்கு நன்னடத்தைச் சான்று கேட்கிறது.

ஃப்ளாஷ்பேக்கின் பெரியண்ணன் ஒருவர் உண்டு. வில்லனையே எடுத்து நல்லவனாக மாற்றி எழுதுவது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல் தடை நீங்கியது. அதன் அரசியல் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நூல்களைத் தடை செய்யும் எந்த அரசோடும் எனக்கு உறவில்லை. ஆனால் அந்தக் காவியத்தின் இராவணன் குறையில்லாத அரசன். அதாவது தண்டியின் விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டவன். இடம் மாறியிருக்கிறதே தவிர விதி மாறவில்லை: நாயகன் என்றால் நல்லவன். கம்பனின் இராவணனிடம்தான் அந்த விதி திணறுகிறது. கயிலையைப் பெயர்த்த தோள், இசை, தவம் எல்லாம் உண்டு. செய்தது அநியாயம் என்பதிலும் கம்பனுக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்கிக்கொள்ளச் சொல்கிறான். ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கிக்கொண்டுதான் வருகிறோம்.

ஒரு நாவலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்', 2003இல் வந்தது. போத்திவேலுப் பண்டாரம் என்பவர் நாயகன். முருக பக்தர், மூன்று பெண்களின் தகப்பன், பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற சாதாரண குடும்பஸ்தர். தொழில்தான் வேறு. உடல் ஊனமுற்றவர்களைப் பழனி போன்ற இடங்களில் பிச்சைக்கு உட்காரவைத்து வசூல் செய்வது. அவர்களை வாங்கலாம், விற்கலாம். தொழிலில் அவர்களுக்குப் பெயர் உருப்படி. முத்தம்மை என்ற பெண்ணை வைத்துப் புதிய உருப்படிகளைப் பெற்றெடுக்கவும் வைக்கிறார்கள்.

பண்டாரத்துக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. அவர் உறுமி உறுமிச் சிரிப்பதில்லை. அவர் பார்வையில் அவர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. மகளுக்கு ஒரு காய்ச்சல் என்றால் துடித்துப்போகிறார். கல்யாணச் செலவுக்குப் பணம் புரட்ட அலைகிறார். நாவலில் ஒரு இடம் வரும், எனக்கு மட்டுமில்லை, படித்த பலருக்கும் வந்திருக்கும். பண்டாரத்தின் பணக்கஷ்டத்தில் நாமும் மாட்டிக்கொண்டு, எப்படியாவது இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டுமே என்று அடிமனசில் வேண்ட ஆரம்பித்திருப்போம். திடீரென்று உறைக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? ஒரு உருப்படியை விற்றுத்தான் வர வேண்டும். அதாவது இப்போது நான் வேண்டிக்கொண்டிருப்பது என்ன?

இதை ஒரு நல்ல நாயகனை வைத்துச் செய்ய முடியாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பிச்சைக்காரர்களை மீட்கக் கிளம்பும் ஒரு சமூக சேவகனை நாயகனாக்கியிருந்தால் நாம் முதல் பக்கத்திலிருந்து அவனோடு சேர்ந்து கொதித்திருப்போம். கொதித்து முடித்ததும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்போம். மகள் மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு தகப்பன், அதே கையால் இன்னொருத்தியின் குழந்தையை விலை பேச முடியும், இரண்டுக்கும் நடுவே அவனுக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட வராது என்ற செய்தி நமக்குக் கிடைத்தே இருக்காது.

இது வெறும் ஊகமில்லை. அந்த நாவலை அடிப்படையாகக் கொண்டு பாலா 'நான் கடவுள்' (2009) எடுத்தார். வலுவான படம். ஆனால் படத்தில் அந்தத் தொழிலைச் செய்பவன் தாண்டவன் என்ற முழு வில்லன். பார்த்தாலே பயம். அவனைக் கொல்ல உருத்திரன் என்ற ஒரு அகோரி காசியிலிருந்து வந்துவிட்டான். நீதிபதி நாற்காலியில் உருத்திரன் உட்கார்ந்துகொண்டான், நாம் எழுந்து வீட்டுக்குப் போகலாம். பண்டாரம் மட்டும் காணாமல் போய்விட்டார். நாவலில் அவரைக் கொல்ல யாரும் வருவதில்லை. நம் தெருவில்கூட வசிக்கலாம், கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு.

ஜி. நாகராஜன் இந்த வேலையை இன்னும் சிக்கனமாகச் செய்தவர். 'நாளை மற்றுமொரு நாளே' 1974இல் வந்தது. மனைவியை வைத்துத் தொழில் நடத்தும் கந்தனின் ஒரே ஒரு நாள். சமுதாயம்தான் இவனைக் கெடுத்தது என்று கண்ணைக் கசக்கவும் இல்லை, இவன் திருந்தினான் என்று கைதட்டு வாங்கவும் இல்லை. அதற்கு முன்பே 'குறத்தி முடுக்கு' (1963) முன்னுரையில் அவர் வாசகருக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தார். இப்படி நாட்டில் நடக்கவில்லை என்று வேண்டுமானால் வாதாடு, இப்படி எழுதியிருக்கக் கூடாது என்று சொல்லி நழுவாதே என்பது அதன் சாரம். அறுபது வருஷமாக நழுவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி நல்ல நாயகன் கட்சிக்காரர்கள் கடைசி ஆயுதமாக எடுக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். 'லோலிடா'. பன்னிரண்டு வயதுச் சிறுமியைச் சீரழிக்கும் ஹம்பர்ட் என்ற ஒருவன் தானே எழுதும் வாக்குமூலம். நபக்கோவுக்கு அமெரிக்காவில் பதிப்பாளர் கிடைக்காமல் 1955இல் பாரிஸில் வந்தது, அமெரிக்காவில் 1958இல். இதற்குக்கூடவா வக்காலத்து என்று கேட்பார்கள். இதற்குத்தான் முதல் வக்காலத்து.

ஹம்பர்ட் பேசுகிற பேச்சு இருக்கிறதே, தேன். படிப்பாளி, நையாண்டிக்காரன், தன்னையே கேலி செய்துகொள்வான். பேச்சின் மயக்கத்தில் நாம் அந்தக் குழந்தையைப் பார்க்காமல் போக வேண்டும் என்பது அவன் திட்டம். நபக்கோவ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு கற்பனை முன்னுரை, கற்பனை முனைவர் ஒருவர் எழுதியது. அதில் கதை மாந்தர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று போகிற போக்கில் ஒரு தகவல் பட்டியல். திருமதி ரிச்சர்ட் எஃப். ஷில்லர் என்பவர் 1952 கிறிஸ்துமஸ் அன்று பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் இறந்தே பிறந்தது என்று ஒரு வரி. யாரோ ஒரு அம்மாள் என்று நாம் தாண்டிப்போய்விடுகிறோம். புத்தகம் முடியும் தறுவாயில் ஒரு கடிதம் வருகிறது. அதன் கீழே அந்தப் பெயரைப் பார்த்தபிறகுதான் தெரிகிறது, ஷில்லர் வேறு யாருமில்லை, அந்தச் சிறுமிதான். பதினேழு வயதில் செத்துப்போன அவளுடைய சாவுச் செய்தியை முதல் சில பக்கத்திலேயே படித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அவன் பேச்சை ரசிக்கப் போய்விட்டோம். இதைவிடக் கடுமையாக ஒரு வாசகனை யார் விசாரிக்க முடியும்?

இன்னொரு இடம். காரில் ஊர் ஊராக அவளை இழுத்துக்கொண்டு அலைந்த நீண்ட பயணத்தை வர்ணித்துக்கொண்டே வருகிறான். மலை, சாலை, விடுதி எல்லாம் வருகிறது. அத்தியாயம் முடியும்போது, வாக்கியத்தின் ஒரு ஓரத்தில், தான் தூங்குவதுபோல் பாசாங்கு செய்ததும் ஒவ்வொரு ராத்திரியும் அவள் விசும்புவாள் என்று நழுவ விடுகிறான். ஒவ்வொரு ராத்திரியும்! அதுவரை வந்த பக்கங்களை எல்லாம் திரும்பப் போய் அந்த விசும்பலோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. சொல்கிறவன் பொய்யன் என்று கண்டுபிடிக்கும் வேலையை நாவல் நம்மிடம் ஒப்படைக்கிறது.

இந்த வேலையைச் செய்ய மறுத்தவர்கள் உண்டு. அதன் விளைவு ஊரறிந்தது. லோலிடா என்ற பெயர் மயக்கும் சிறுபெண் என்பதற்கு அடையாளமாகப் போய்விட்டது, இதய வடிவக் கண்ணாடி போட்ட பெண்ணின் படம் சினிமா விளம்பரமாகி அட்டைகளிலும் ஏறிவிட்டது. அவள் மயக்கினாள் என்று சொன்னது யார்? ஹம்பர்ட். அதை நம்பி உலகம் முழுக்கப் பரப்பியது யார்? நாயகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று படித்தவர்கள். கெட்டது கெட்டவனின் நாவலைப் படித்ததால் நடக்கவில்லை, நல்லவனின் நாவலைப் படிப்பதுபோல் அதைப் படித்ததால் நடந்தது.

இங்கே என் பக்கத்து ஆட்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இவ்வகை நாவல்கள் பரிவை வளர்க்கின்றன, கெட்டவனுக்குள்ளும் ஒரு மனிதன் இருக்கிறான் என்று காட்டுகின்றன என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் ஹம்பர்ட்மீது பரிவு கொள்ளச் செய்வதுதான் 'லோலிடா'வின் சாதனை என்றால், அதைத் தடை செய்யச் சொல்லும் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொள்வேன். அந்த நாவல் வளர்ப்பது பரிவை அல்ல, காதை. இனிமையாக, நியாயமாக, அடிபட்டவன் தொனியில் ஒருவன் தன் கதையைச் சொல்லும்போது, அதில் வராமல் போன ஆள் யார் என்று தேடும் காதை. வீட்டில், அலுவலகத்தில், தேர்தல் மேடையில் இந்தக் காது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்று இருக்கிறது. அடிபட்டவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுத ஆரம்பித்தது நேற்றுதானே என்பார்கள். பாமாவின் 'கருக்கு' வந்தது 1992இல். அதற்குள் அடித்தவனின் மனசை ஆராயக் கிளம்பிவிட்டீர்களா, இவ்வளவு காலமும் அவன் குரல்தானே ஒலித்தது? நியாயமான கோபம். ஆனால் இவ்வளவு காலமும் ஒலித்தது அடித்தவனின் குரல் அவனுடைய குரலாக அல்ல. ஊர் வழக்கம், குலப்பெருமை, பெரியவர்களின் அனுபவம் என்ற பொதுக்குரலாகத்தான் அது ஒலித்தது. அந்தப் பொதுக்குரலை ஒரு தனிமனிதனின் வாயில் வைத்து, அவன் எங்கே மழுப்புகிறான், எங்கே கண்ணை மூடிக்கொள்கிறான் என்று காட்டுவது அடிபட்டவர் எழுத்துக்குப் போட்டி ஆகாது. அதன் மறுபக்கச் சாட்சியம் அது.

கொடுமையை நாக்கில் ஊறவைத்து எழுதும் நாவல்களும் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு நான் வக்கீல் இல்லை. எப்படிப் பிரித்து அறிவது என்றால், நான் நாயகனைப் பார்ப்பதில்லை, அவன் கையில் சிக்கியவரைப் பார்ப்பேன். அவன் சொல்லில் அடங்காமல் அவர் ஒரு கணமாவது வெளியே தெரிகிறாரா? லோலிடாவின் ராத்திரி விசும்பல் தெரிகிறது. முத்தம்மை தன் குழந்தையிடம் பேசுவது தெரிகிறது. பண்டாரத்தின் உருப்படிகள் தங்களுக்குள் கேலி பேசிச் சிரித்துக்கொள்வது, முதலாளிக்கு எட்டாத ஒரு உலகமாகத் தெரிகிறது. இப்படி எதுவும் தெரியாத, கடைசிவரை நாயகன் பார்வையே பார்வையாக இருக்கிற புத்தகம் என்றால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் வருகிறேன்.

நாளெல்லாம் கெட்டவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன், ராத்திரியும் ஒரு கெட்டவனா என்று அலுத்துக்கொள்பவரிடம் எனக்கு வாதமே இல்லை. அன்றைக்கு நகைச்சுவை எழுத்தாளர் தேவனைப் படியுங்கள். உங்கள் களைப்பை நாவலின் குறையாக எழுதிவிடாதீர்கள் என்பது மட்டும்தான்.

கடைசியாக எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, காமிராவின் கண் முன்னால், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு முன்னும் கொன்றார்கள், பின்னும் கொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செய்தியில் ஒரு சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து, அவர் தங்கமான மனுஷன், மகள் மேல் உயிரையே வைத்திருந்தார் என்கிறார். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மகள் காதலித்தவனைக் கொல்ல ஆள் அனுப்பிய அப்படி ஒரு தகப்பன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன் வாயால், தன் நியாயத்தைச் சொல்லும் நாவல் ஒன்று தமிழுக்கு வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டதிலிருந்து ஆரம்பிக்கட்டும். நம் தொண்டை அடைக்கட்டும். அவன் பேசும் நியாயத்தில் பாதி, நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் ஏற்கெனவே கேட்டதாக இருக்கட்டும். அவனைத் திட்ட ஒரு நல்லவரைக் கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைக்காதீர்கள். ஃப்ளாஷ்பேக்கும் வேண்டாம்.